ஏழாம் நம்பருக்க கணுக்கால கொஞ்சம் விடுங்க மக்களே: நம்ம ஊர் பாஸ்கெட்பால் ரசிகர்மாருக்கு ஒரு திறந்த மடல்

நம்ம ஊர் பாஸ்கெட்பால் ரசிகர்மாருக்கும், கமிட்டி அண்ணன்மாருக்கும், கோர்ட் மதில் மேல ஏறி உக்காந்து ஓசில கமெண்ட்ரி சொல்ற தம்பிமாருக்கும், டேபிள்ல ஸ்கோர் ஷீட் எழுதுற அக்கா எழுதுறது.

முதல்ல நிலவரத்த சொல்லிர்றேன், ஏன்னா மார்த்தாண்டத்துல கேட்டா எலும்பு ரெண்டா போச்சுங்காவ, தக்கலைல கேட்டா ஆபரேஷன்ங்காவ, அந்த செய்தி நாகர்கோவில் போய் சேருறதுக்குள்ள பையன் இனி பந்தே தொடமாட்டான்னு ஆயிட்டு. நம்ம டீம் ஏழாம் நம்பர் பையனுக்கு வலது கணுக்கால் மடங்கியிருக்கு. எக்ஸ்ரே எடுத்தாச்சு, எலும்புல ஒரு கீறல் கூட இல்ல. வெளிப்பக்கத்து லிகமெண்ட், எலும்ப எலும்போட கட்டி வைக்கிற நாரு, கொஞ்சம் இழுபட்டிருக்கு, முதல் கிரேடு சுளுக்கு, ரெண்டு மூணு வாரம் பாத்து நடந்தா சரியாயிரும்னு டாக்டர் சொல்லியாச்சு. இவ்வளவுதான் விஷயம். இதுக்கு மேல எவனாவது எதாவது சொன்னா அது அவனுக்க சொந்த சரக்கு.

எப்படி நடந்துச்சுன்னும் ஆளுக்கொரு கதை ஓடுது. நான் டேபிள்ல இருந்து நேரா பாத்தேன். பிராக்டிஸ் மேட்ச், ரீபவுண்டுக்கு, கூடைல விழாம திரும்புற பந்துக்கு, சாடினான், இறங்கும்போ நம்ம டீம் பையனுக்க ஷூ மேலயே ஒரு கால் இறங்கிட்டு, பாதம் உள்பக்கமா மடங்கிட்டு. பாஸ்கெட்பால்ல கணுக்கால் போறது ரொம்பவும் இப்படித்தான், அடுத்தவன் கால் மேல இறங்கித்தான் போகும், அமெரிக்காவுல ஆடினாலும் சரி ஆரல்வாய்மொழில ஆடினாலும் சரி. இதுக்குப் போய் அந்த இன்னொரு பையன பொறாமைல வேணும்னே கால வச்சான்னு எழுதினது யாரு? அவன் ரெண்டு நாளா பிராக்டிஸ்க்கே வரல தெரியுமா. ஒருத்தனுக்கு சுளுக்கு, நீங்க ரெண்டு பேர வீட்ல உக்கார வச்சிருக்கீங்க.

உங்க பதட்டம் எனக்கு புரியாம இல்ல. இந்த கன்னியாகுமரி மாவட்டத்துல தூத்தூர்ல இருந்து குளச்சல் வரைக்கும் கடக்கரை முழுசும் ஃபுட்பால்தான், உள்ள வந்தா கிரிக்கெட், அதுக்கு நடுவுல பாஸ்கெட்பால்னு சொல்லிட்டு திரியுறது நாம கொஞ்சம் பேரு. பள்ளிக்கூட கிரவுண்டுல மிச்சம் கெடக்குற சிமெண்ட் தரைல ஆடி வளர்ந்த கூட்டம். அதுலருந்து ஒருத்தன் இடதுகைலயும் வலதுகைலயும் ஒண்ணுபோல லே அப், ஓடிப்போய் கூடை பக்கத்துல இருந்து போடுற ஷாட், போடுறான், திருவனந்தபுரத்துக்காரனே கேட்டு விசாரிக்கிறான்னா, நமக்கு நெஞ்சு நிமிந்துரும். ரப்பர் மரத்துல பால் வெட்டுறவங்க எழும்புற நேரத்துல எழும்பி அமெரிக்காக்காரனுக்க பாஸ்கெட்பால் லீக், என்பிஏ, பாக்குற ஆளுங்க நீங்க, அக்டோபர்ல அங்க ராத்திரி ஏழு மணி மேட்ச்சுன்னா இங்க விடியக்காலம் நாலரை, அத பாத்துட்டு சாயா குடிச்சுட்டு அப்படியே வேலைக்கு போறவங்க. அந்த பாசத்த நான் குறை சொல்லல.

ஆனா அந்த பாசம் இப்ப எங்க போய் நிக்குதுன்னு பாருங்க. காலைல “சீசன் போச்சு, எல்லாம் முடிஞ்சு”ன்னு அழுத அதே ஆளு சாயங்காலம் “ஒரு கிரேப் பேண்டேஜ் சுத்திட்டு வந்து ஆடுலே, நாங்கல்லாம் இதுக்கு ஆஸ்பத்திரி வாசலே மிதிச்சதில்ல”ன்னு மெசேஜ் போடுது. ரெண்டும் ஒரே போன்ல இருந்து. நேர்ல போனவங்க கதை தனி. அவனுக்க அம்மை சொன்னாவ, வீட்ல மட்டிப்பழம் தின்னு தீராம பக்கத்து வீட்டு பிள்ளையளுக்கு குடுத்தாச்சு, ஹார்லிக்ஸ் பாட்டில் வரிசையா நிக்குது, வாறவன் ஒவ்வொருத்தனும் வீக்கத்த விரலால அமுக்கி பாத்துட்டுத்தான் போறானாம். ஏன்டே அமுக்குறீங்க? பழுத்துருக்கான்னு பாக்குறியளா?

இவ்வளவும் நான் சிரிச்சுட்டு விட்டிருப்பேன். இந்த மடல் எழுத வச்சது வேற. ஒரு ஷீட் வாங்குற சாக்குல நான் அவனுக்க வீட்டு பக்கம் போனப்போ “அக்கா வலியே இல்ல, வியாழக்கிழமையே ஓடலாம்”னு சிரிச்சான். நல்லதுன்னு சொல்லிட்டு திரும்பினா, திண்ணைப் படி இறங்குறான், நேரா இறங்கல, பக்கவாட்டுல, வலதுகால முதல்ல வச்சு, கம்பிய பிடிச்சுட்டு இறங்குறான். ஏன்டேன்னு கேட்டா, “அக்கா கமிட்டில சொல்லிராதீங்க, பிளக்ஸ் அடிச்சிட்டாவ”ங்கான்.

வலிக்குதுன்னு சொல்றதுக்கே அந்த பையன் பயப்படுறான். அத செஞ்சது நாமதான்.

விடியக்காலம் எழும்பி பாக்குறவங்களுக்கு கெவின் டுரண்ட தெரியாம இருக்காது. 2014ல எம்விபி, அந்த சீசன் பெஸ்ட் பிளேயர் பட்டம், வாங்கின கையோட, அடுத்த சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி அக்டோபர்ல, பிராக்டிஸ் முடிஞ்சு பாதம் வலிக்குதுன்னு அவரே போய் டீம் ஆளுங்ககிட்ட சொன்னாரு. ஸ்கேன் எடுத்து பாத்தா வலது பாதத்துல சுண்டுவிரலுக்கு போற எலும்புல முறிவு. ஆபரேஷன், அந்த சீசன்ல 27 மேட்ச்தான் ஆட முடிஞ்சுது. அது பெரிய அடிதான், ஆனா அது கண்டுபிடிச்சதே அவரு வாயத் திறந்து சொன்னதுனாலதான். உலகத்துலயே அந்த வருஷத்து பெஸ்ட் பிளேயர், வலிக்குதுன்னு சொல்ல கூச்சப்படல. நம்ம பையன் பிளக்ஸுக்கு பயந்து படிக்கட்டுல கம்பிய பிடிக்கிறான்.

அதே டுரண்ட் 2019ல. மே மாசம் கெண்டைக்கால் பிடிச்சு ஒரு மாசம் வெளிய உக்காந்தாரு, எப்ப வருவாரு எப்ப வருவாருன்னு ஊரே கேட்டுட்டு கெடந்துச்சு. ஃபைனல்ஸ் அஞ்சாவது மேட்ச், ஜூன் 10, டொராண்டோல இறங்கினாரு. பன்னெண்டு நிமிஷம், பதினோரு பாயிண்ட், அப்புறம் குதிகாலுக்கு மேல உள்ள தசைநாரு, அக்கிலிஸ், அறுந்துபோச்சு. அடுத்த சீசன் முழுசும் ஆடல. அவரு கீழ உக்காந்து காலப் பிடிச்சப்போ கூட்டத்துல ஒரு பகுதி கைதட்டி ஆர்ப்பாட்டம் பண்ணிச்சு, எதிர் டீம் கைல் லவ்ரி மாதிரி ஆளுங்களே கைய காட்டி நிறுத்துங்கன்னு சொல்ல வேண்டியதாச்சு. பிறகு டுரண்டுக்க டீம் மேனேஜர் பாப் மையர்ஸ் கண்ணு கலங்கி, யாரையாவது குறை சொல்லணும்னா என்னைய சொல்லுங்கன்னாரு. அவ்வளவு பெரிய டீம், டாக்டரு, மெஷினு எல்லாம் இருக்குற இடத்துலயே இப்படி நடக்கும்னா, ஒரு ஐஸ் பாக்கெட்டும் ஒரு கிரேப் பேண்டேஜும் வச்சிருக்குற நாம எவ்வளவு பாத்து நடக்கணும்.

சும்மா பயமுறுத்துறதுக்கு சொல்லல. பிரீசீசன்ல, சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி உள்ள ஆட்டத்துல, சின்ன அடி பட்டு ஒண்ணுமே ஆகாம போனவங்கதான் அதிகம். லூகா டான்சிச் 2024 அக்டோபர்ல கெண்டைக்கால்ல அடி வாங்கி உக்காந்தாரு, டாலஸ் ரசிகனுங்க தலைல கைய வச்சானுங்க, சீசன் முதல் மேட்ச்ல ஆள் வந்து நின்னுட்டாரு. இன்னொரு பக்கம் பிளேக் கிரிஃபின் இருக்காரு, 2009ல டீமுங்க புது ஆளுங்கள எடுக்குற டிராஃப்ட்ல முதல் ஆளா போனவரு, பிரீசீசன் கடைசி மேட்ச்ல டங்க் போட்டு இறங்கும்போ இடது முட்டி சிரட்டைல அடி, கொஞ்சம் வாரத்துல சரியாயிரும்னுதான் முதல்ல சொன்னாங்க, கடைசில முழு சீசனும் போச்சு. ஆனா பாருங்க, அடுத்த சீசன் வந்து ரூக்கி ஆஃப் தி இயர், அந்த வருஷத்து பெஸ்ட் புதுமுகம், அவருதான். சின்னதா பெருசான்னு கேலரில இருந்து சொல்ல முடியாது, அதுக்குத்தான் டாக்டரு இருக்காரு, நம்ம ஏழாம் நம்பருக்கு அவரு பாத்து சின்னதுன்னு சொல்லியாச்சு. சின்னத சின்னதாவே ஆற விடுங்கங்கேன்.

கணுக்கால்னு வந்தா ஸ்டீபன் கர்ரிய சொல்லாம விட முடியாது. இன்னிக்கு நீங்க எல்லாரும் அவருக்க ஜெர்சி போட்டு திரியுறீங்க. 2011ல வலது கணுக்கால் ஆபரேஷன், அடுத்த சீசன் 66 மேட்ச்ல 26தான் ஆடினாரு, 2012ல மறுபடி ஆபரேஷன், அந்த அக்டோபர்ல பிரீசீசன் மேட்ச்லயே அதே கால் திரும்பவும் மடங்கிச்சு. கண்ணாடி காலுன்னு ஒருபாடு பேரு பேசினாங்க. அந்த மாசக் கடைசிலதான் நாலு வருஷத்துக்கு 44 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டாரு, அப்ப அதையும் ரிஸ்க்குன்னாங்க. அந்த சீசன் 78 மேட்ச் ஆடி 272 த்ரீ பாயிண்டர் போட்டாரு, அதுவரைக்கும் ஒரு சீசன்ல யாரும் அவ்வளவு போட்டதில்ல. அப்புறம் ரெண்டு எம்விபி, நாலு சாம்பியன்ஷிப்.

அந்த கால் எப்படி நிமிந்துச்சுன்னு படிச்சுப் பாருங்க, பாக்க ஒரு சுவாரசியமும் இருக்காது, இடுப்புக்கும் தொடைக்கும் பலம் ஏத்துற வேலை, வெயிட்ட குனிஞ்சு தூக்குறது, ஒத்தக்கால்ல நிக்கிறது, திரும்பும்போ பாரம் கணுக்கால்ல விழாம இடுப்புல வாங்கப் பழகுறது, இதே வேலை வருஷக்கணக்குல. இத யாரும் கைதட்டி பாக்கமாட்டாங்க. நம்ம பையன் இப்ப செய்ய வேண்டியதும் இதுதான். லிகமெண்ட் வெறும் கயிறு மாதிரி எலும்ப கட்டி வைக்கிறதோட நிக்கல, பாதம் எந்தப் பக்கம் சாயுதுன்னு மூளைக்கு சொல்லி விடுறதும் அதுலதான் இருக்கு. சுளுக்குனா அந்த சேதி போறது மந்தமாயிரும், வீக்கம் வத்தி வலி போன பிறகும் அது திரும்பி வர நாளாகும், அந்த இடைவெளில ஓடினா மறுபடி அதே கால் மடங்கும். ஒரு தடவ சுளுக்குன கணுக்கால்தான் திரும்பவும் சுளுக்கும்னு பிசியோதெரபி பாக்குறவங்க எல்லாரும் சொல்றது இதனாலதான். அதனால கண்ண மூடிட்டு வலது கால்ல மட்டும் அரை நிமிஷம் ஆடாம நிக்கட்டும், வலி இல்லாம ஒத்தக்கால்ல சாடட்டும், எட்டு போட்டு ஓடட்டும், ரெண்டு காலும் ஒண்ணுபோல இருக்குன்னு வந்தா அப்ப பேசலாம். எந்த தேதின்னு கேக்காதீங்க, இதெல்லாம் ஆச்சான்னு கேளுங்க.

அடுத்தது தடவுற விஷயம். இத நம்ம மாவட்டத்துல எழுதினா சண்டை வரும்னு தெரியும், இருந்தாலும் எழுதுறேன். வர்மமும், எண்ணெய் தேச்சு தடவுற உழிச்சிலும் பிறந்து வளர்ந்த மண்ணு இது, ஆசான்மாருக்க கைல கால் நிமிந்து நடந்தவங்க எங்க குடும்பத்துலயே உண்டு, எனக்கு அந்த வைத்தியத்து மேல மரியாதை இருக்கு. ஆனா வீங்கி சூடா இருக்குற காலுல முதல் ரெண்டு மூணு நாள் எண்ணெய் போட்டு அழுத்தி தேய்ச்சா உள்ள கசியுற ரத்தம் கூடத்தான் செய்யும், வீக்கமும் கூடும். எனக்கு தெரிஞ்ச வயசான ஆசான் ஒருத்தரு வீங்கின கால பாத்தா கையே வைக்கமாட்டாரு, “முதல்ல படம் எடுத்துட்டு வா மக்கா, எலும்பு இருக்கான்னு பாப்போம்”பாரு. உண்மையான ஆசான் அப்படி இருக்கும்போ, நம்ம கேலரில இருக்குற ஆசான்மாரு, ஒரு பாட்டில் குழம்புங்கிற மருந்து எண்ணெயும் யூடியூப் வீடியோவும் வச்சுட்டு அவனுக்க வீட்டுக்கு போனீங்கல்ல, உங்களத்தான் சொல்றேன், தயவு செஞ்சு போவாதீங்க. அவனுக்க அப்பா வெளிய நின்னு வேண்டாம்னு சொல்லியும் உள்ள போய் பாதத்த பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்திருக்கீங்க. நல்ல வேளை அவன் கத்தினான்.

பொதுவா ஒண்ணு எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கிடுங்க, நாளைக்கு உங்க பிள்ளைக்கும் உதவும். கால் மடங்கினவன் நாலு அடி கூட எடுத்து வைக்க முடியலன்னாலோ, கணுக்கால்ல பக்கவாட்டுல புடைச்சு நிக்கிற எலும்புக்க பின்பக்க ஓரத்த தொட்டா எலும்பே வலிக்குதுன்னாலோ எக்ஸ்ரே கட்டாயம். அது ரெண்டும் இல்லன்னா பெரும்பாலும் சுளுக்குதான். ஐஸ துணில சுத்தி ஒரு கால் மணி நேரம், கால உயர்த்தி வைக்கணும், பேண்டேஜ் சுத்தினா விரல் மரத்துப் போகாத அளவுக்கு சுத்தணும். சுடுதண்ணி, எண்ணெய், மசாஜ் எல்லாம் அந்த முதல் சில நாளைக்கு வேண்டாம். பிறகு மெதுவா நடக்க ஆரம்பிக்கணும், மாசக்கணக்குல கட்டில்லயே கெடக்குறதும் தப்பு.

இனி கமிட்டி அண்ணன்மாரே, உங்ககிட்ட வாறேன். கோவப்படாதீங்க.

இது பிரீசீசன். நம்ம உண்மையான டோர்னமெண்ட் கிறிஸ்மஸ் சமயத்துலதான். அடுத்த வாரம் திருவனந்தபுரத்துல இருந்து வாற டீமோட வச்சிருக்குறது ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச், ஜெயிச்சா கப்பும் இல்ல தோத்தா நட்டமும் இல்ல, எந்த பையன எங்க நிப்பாட்டலாம்னு பாக்குறதுக்கு வைக்கிற மேட்ச். அதுக்குப் போய் களியக்காவிளை ஜங்ஷன் வரைக்கும் அவன் சாடுற படத்த போட்டு பிளக்ஸ் வச்சிருக்கீங்க. கால் போன பிறகும் அத மாத்தல. கேட்டா “அவன் சும்மா ஜெர்சி போட்டுட்டு பெஞ்சுல உக்காந்தா போதும், ஜனங்க வரும்”ங்கீங்க. எனக்கு தெரியாதா அண்ணே? நான்காவது குவார்ட்டர்ல நாலு பாயிண்ட் பின்னாடி இருப்போம், கேலரில ஒருத்தன் அவனுக்க பேர சொல்லி கூப்பிட ஆரம்பிப்பான், ரெண்டாவது நிமிஷம் மொத்த கூட்டமும் கத்தும், கோச் அவன திரும்பி பாப்பாரு, அவன் “ஓகே சார்”ம்பான். அவன் எப்ப இல்லன்னு சொல்லியிருக்கான். நான் அவனுக்க நம்பர ஷீட்ல எழுத வேண்டி வரும்.

அதனால ஒரு காரியம் முன்கூட்டியே சொல்லிர்றேன். அந்த மேட்ச் டீம் லிஸ்ட் என் கைக்கு வரும்போ அதுல ஏழாம் நம்பர் இருக்கக் கூடாது. லிஸ்ட்ல பேரு இல்லன்னா யாரு கத்தினாலும் இறக்க முடியாது, ரூல் அப்படி. அவனுக்கும் அது நிம்மதி, ஆடமாட்டேன்னு வாயால சொல்ற பாரம் அவன் தலைல இருக்காது. நீங்க எழுதினீங்கன்னா நான் கோச்கிட்ட சொல்லி அடிக்க வைப்பேன், இப்பவே சொல்லிட்டேன்.

பதிலுக்கு யாரு பந்து கொண்டு போவான்னு கேக்குறீங்க. பெஞ்சுல ரெண்டு பிள்ளைய வருஷக்கணக்கா தண்ணி பாட்டில் எடுத்து குடுத்துட்டு இருக்குதுவ. அந்த பதினொண்ணாம் நம்பரு பையன பாத்திருக்கீங்களா, இடது பக்கம் போனா கொஞ்சம் தடுமாறுவான், பந்த ஒசத்தி வச்சு டிரிப்ளிங் பண்ணுவான், எதிராளி தட்டிட்டு போயிருவான், எல்லாம் உண்மை. ஆனா பாஸ் பாக்குற கண்ணு அவனுக்கு இருக்கு, நான் அசிஸ்ட், கூடைக்கு வழி பண்ணி குடுக்குற பாஸ், எழுதுறவ, எனக்குத் தெரியும். இப்பிடி ஒரு ஃப்ரெண்ட்லில தப்பு பண்ணலன்னா அவன் எங்க போய் தப்பு பண்ணி படிப்பான்? டிசம்பர்ல ஏழாம் நம்பருக்கு நாலு ஃபவுல் ஆயி உக்கார வேண்டி வந்தா அப்ப யாரு இருக்கா நமக்கு? போன சீசன்ல அந்த மாதிரி உக்காந்த மேட்ச்ல நாம எப்படி சிதறினோம்னு மறந்துட்டீங்களா.

இன்னும் ஒண்ணு, இது எனக்கு ரொம்ப நாளா தொண்டைல நிக்கிறது. பிளக்ஸுக்கு பணம் இருக்கு, பட்டாசுக்கு இருக்கு, கோர்ட்டுக்கு இல்ல. நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழை, ஜூன்ல ஒண்ணு பிடிச்சா அக்டோபர்ல இன்னொண்ணு, நடுவுல தரை காயவே காயாது. தெக்கு பக்க பேஸ்லைன்ல, கூடைக்கு பின்னால உள்ள கோட்டுல, பாசி, அதுக்கு அடுத்து ஓடை ஓரத்து சிமெண்ட் ரெண்டு விரல் ஒசரத்துக்கு எழும்பி நிக்குது, லே அப் போட்டு ஓடுற வேகத்துல நிக்கிறவன் அங்கதான் போய் நிப்பான். இந்த தடவ ஷூ மேல இறங்கினான், அடுத்த தடவ இன்னொருத்தன் அந்த விளிம்புல இறங்குவான், அது முதல் கிரேடோட நிக்காது. ஒரு மேஸ்திரியும் ரெண்டு மூட்டை சிமெண்டும் வந்தா ஒரு நாள் வேலை. அந்த பிளக்ஸ் காசுல பாதி ஆகாது.

ரசிகர்மாருக்கு கடைசியா. அவன பாக்கணும்னு தோணுனா போங்க, யாரு வேண்டாம்னா, ஆனா காலப் பத்தி கேக்காம வேற எதையாவது பேசுங்க, அவன் பிகாம் அரியர் ரெண்டு வச்சிருக்கான் அதப் பத்தி கேளுங்க, ஓடிருவான். “சீக்கிரம் வா மக்கா”ன்னு மெசேஜ் போடாதீங்க, நீங்க ஆசையா போடுறீங்க, அவன் ராத்திரி அத எண்ணிட்டு உக்காந்திருக்கான். அந்த இன்னொரு பையன பிராக்டிஸ்க்கு வரச் சொல்லி யாராவது ரெண்டு பேரு நேர்ல போய் கூட்டிட்டு வாங்க, போன்ல வேண்டாம். அவன் மேல கதை எழுதினவங்களே போனா நல்லது.

சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு பிராக்டிஸ் இருக்கு, மழை இல்லன்னா. வாறவங்க தும்புக்கட்டையும் பிளீச்சிங் பவுடரும் கொண்டு வாங்க, பேஸ்லைன் பாசிய நாமளே தேச்சு எடுத்துரலாம். ஐஸுக்கு மீன் சந்தைல சொல்லி வச்சிருக்கேன், ஒரு தெர்மாகோல் பெட்டி மட்டும் யாராவது கொண்டு வந்தா போதும், மீன் வாசம் இல்லாததா பாத்து.

இப்படிக்கு,
ஸ்கோர் டேபிள் அக்கா